கேள்வி ஞானம் இருக்கிறது, இனி தியரி எதற்கு?

கடிதம் எழுதியவர் 29 வயது கிட்டார் கலைஞர். யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. 11 வருடமாகப் பதிவுகளைக் கேட்டு, நிறுத்தி, மறுபடி கேட்டு, அப்படியே வாசிக்கப் பழகியவர். மேடைக் குழு ஒன்றில் நிரந்தரமாக வாசிக்கிறார். ஒரு வருடமாக, நண்பர்கள் நால்வர் சேர்ந்த சின்ன ஜாஸ் குழுவிலும் வாசிக்கிறார். சமீபத்தில் நடந்த மூன்று சம்பவங்கள் அவரைத் தூங்கவிடவில்லை.

ஒரு நிகழ்ச்சியில் பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தது. மேடை ஏறுவதற்குச் சற்று முன், "ஜி வேணாம், இ-க்கு இறக்கிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் சுருதி ஏறும், இறங்காதே! மனதுக்குள்ளேயே மாற்றி மாற்றிப் பல்லவியை ஓட்டிவிட்டார். நடுவில் வரும் பி மைனர் கார்டில் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) கை நின்றுவிட்டது. இரண்டாவது, ஜாஸ் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் ஒத்திகை முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "நல்லாத்தான் வாசிக்கிறீங்க. ஆனா எல்லாப் பாட்டுக்கும் ஒரே சோலோவா இருக்கு" என்றாராம். மூன்றாவது வேறு மாதிரி. மேற்கத்திய இசைத் தேர்வில் எட்டாவது கிரேடு வரை தேர்ச்சி பெற்ற நண்பர் ஒருவர், எதிரில் நொட்டேஷன் (சுரக் குறிப்பு) தாள் இல்லாததால் எட்டு பார் (தாளச் சுற்று) கூட வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததை இவர் பார்த்திருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. தியரி, அதாவது இசை இலக்கணம், படித்தால் இருக்கிற உணர்வும் போய்விடுமா? எத்தனையோ மேதைகள் தியரி தெரியாமலேயே வாசித்திருக்கிறார்களே? மேடைக் குழுவை விட்டுவிட்டு இரண்டு வருட முழுநேரப் படிப்பில் சேரவா? கடைசியாக ஒரு வரி: "நான் நிஜமான இசைக்கலைஞன்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது."

தம்பி, அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் யாராவது தவறான கார்டு போட்டால் உங்கள் முகம் சுளிக்கிறது. ஒரு பாட்டு எங்கே வந்து முடிய வேண்டும் என்பது உங்கள் விரலுக்கு முன்பே காதுக்குத் தெரிகிறது. இதெல்லாம் தியரி அறிவுதான், இன்னும் பெயர் வைக்காத அறிவு. இதைக் கேள்வி ஞானம் என்று மரியாதையாகச் சொல்லும் மொழி நம்முடையது. 11 வருடம் அதைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு இந்தச் சந்தேகமே வரக் கூடாது.

ஆனால் பெயர் இல்லாத அறிவுக்கு ஒரு குறை உண்டு. எங்கே கற்றோமோ அங்கேயே அது தங்கிவிடும். ஜி-யில் கற்ற பாட்டு ஜி-யிலேயே இருக்கும். ஒரு பாட்டில் கண்டுபிடித்த அழகான நகர்வு அடுத்த பாட்டில் ஞாபகம் வராது. தியரி அந்த அறிவுக்கு ஒரு கைப்பிடி போட்டுத் தருகிறது. பிடித்துத் தூக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். உங்கள் முதல் இரண்டு சம்பவங்களிலும் இல்லாமல் போனது அந்தக் கைப்பிடிதான்.

அந்த பி மைனர்

நீங்கள் எழுதிய பாட்டில் வரும் கார்டுகள் ஜி, இ மைனர், சி, டி. நடுவில் பி மைனர். இவற்றை எழுத்துகளாக ஞாபகம் வைத்தால், சுருதி மாறும்போது ஐந்தையும் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அது யாருக்கும் முடியாத வேலை. நான்கு கார்டு வரை சமாளித்ததே பெரிய விஷயம்.

இதையே எண்ணாகப் பாருங்கள். ஜி மேஜர் ஸ்கேலின் (சுர வரிசையின்) முதல் சுரம் ஜி என்றால், அந்த ஐந்தும் 1, 6, 4, 5, 3. அவ்வளவுதான். சுருதி எதுவானாலும் இந்த எண்கள் மாறாது. இ-க்கு இறக்கினால் இ, சி ஷார்ப் மைனர், ஏ, பி, அப்புறம் உங்களை நிறுத்திய அந்த மூன்றாவது, ஜி ஷார்ப் மைனர். பாரே கார்டுகளாக (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தி) பிடிக்க விருப்பமில்லை என்றால், கேப்போவை கிட்டார் கழுத்தின் இரண்டாவது ஃப்ரெட்டில் (கட்டத்தில்) போட்டு டி-யின் வடிவங்களை வாசியுங்கள்: டி, பி மைனர், ஜி, ஏ, எஃப் ஷார்ப் மைனர். காதில் விழுவது இ. கேப்போ இறக்காது என்று நினைத்தீர்கள் அல்லவா? எண் தெரிந்தால் அதே கேப்போவை வைத்து இறக்கலாம்.

இது ஏட்டுப் படிப்பிலிருந்து வந்த தந்திரம் இல்லை. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஸ்டுடியோ கலைஞர்கள் 1950களின் பிற்பகுதியில் இதே எண் முறையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாடகரின் குரலுக்கு ஏற்ப எந்த நிமிடமும் சுருதி மாறும் என்பதால், ஒரே தாளை எல்லாச் சுருதிக்கும் பயன்படுத்த வேண்டியிருந்தது. தியரி பெரும்பாலும் இப்படி, வாசிப்பவர்களின் அவசரத்திலிருந்து பிறந்தது.

ஏன் எல்லாம் ஒரே சோலோ?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். "எந்தப் பாட்டானாலும் பென்டாடானிக் வடிவத்துக்குள் போய்விடுகிறேன், தப்பே வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். பென்டாடானிக் என்றால் ஐந்தே சுரங்கள் கொண்ட ஸ்கேல். அதில் தப்பு வராததுதான் இங்கே சிக்கல்.

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் மூன்று கார்டுகளை எடுப்போம்: டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். முழுக் கார்டு வேண்டாம், இரண்டே கம்பிகள் போதும். நான்காவது கம்பியில் 3-வது ஃப்ரெட், மூன்றாவது கம்பியில் 5-வது ஃப்ரெட். இது எஃப்பும் சி-யும், டி மைனர் செவனின் மூன்றாவது, ஏழாவது சுரங்கள். இப்போது மூன்றாவது கம்பியில் இருக்கும் விரலை மட்டும் ஒரு ஃப்ரெட் கீழே, 4-க்குக் கொண்டுவாருங்கள். சி போய் பி வந்தது, எஃப் அசையவில்லை. இது ஜி செவன். அடுத்து நான்காவது கம்பியின் விரலை 2-க்கு இறக்குங்கள். எஃப் போய் இ வந்தது, பி அப்படியே இருக்கிறது. சி மேஜர் செவன் வந்துவிட்டது.

மெதுவாக நான்கைந்து முறை வாசித்துப் பாருங்கள். பாஸும் இல்லை, மற்ற சுரங்களும் இல்லை, ஆனாலும் கார்டு மாறுவது காதில் தெளிவாக விழும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரே ஒரு விரல், ஒரே ஒரு ஃப்ரெட். பாட்டு நகர்கிறது என்ற உணர்வைத் தருவது எஃப்பும் பி-யும் வந்து போகும் இந்தச் சின்ன அசைவுதான்.

இப்போது உங்கள் பென்டாடானிக்கைப் பாருங்கள். சி, டி, இ, ஜி, ஏ. எஃப்பும் இல்லை, பி-யும் இல்லை. நம் பேச்சில் சொன்னால் மோகனம்: மத்யமமும் நிஷாதமும் கிடையாது. ஏ மைனர் வடிவத்தில் தொடங்கினாலும் அதே ஐந்து சுரங்கள்தான். மோகனத்தில் கிரகபேதம் செய்து (ஆதார சுரத்தை மாற்றி) சுத்த தன்யாசிக்குப் போகிறீர்கள், அவ்வளவே. கார்டுகளை நகர்த்தும் அந்த இரண்டு சுரங்களும் உங்கள் வடிவத்தில் இல்லாததால், எந்தக் கார்டிலும் அது பெரிதாக உறுத்தாது. அதே காரணத்தால் எந்தக் கார்டையும் அது சொல்லவும் செய்யாது. கீழே பாட்டு மாறிக்கொண்டே போகிறது, மேலே உங்கள் சோலோ ஒரே இடத்தில் நிற்கிறது. உங்கள் ட்ரம்ஸ் நண்பரின் காதில் விழுந்தது அதுதான். கற்பனை குறைவு என்று அவர் சொன்னதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு சுரம் குறைவு, அவ்வளவுதான்.

பென்டாடானிக்கைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் குரல் அதில்தான் இருக்கிறது. ஜி செவன் வரும் நொடியில் ஒரு பி, சி மேஜர் செவன் வரும் நொடியில் ஒரு இ. அந்த இரண்டு இடத்தில் மட்டும் சரியாகப் போய் இறங்குங்கள். நடுவில் உங்கள் பழைய வாசிப்பையே வாசியுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் உங்களுக்கே கேட்கும்.

மேதைகளுக்குத் தியரி தெரியாதா?

ஜாஸ் கிட்டார் மேதை வெஸ் மாண்ட்கோமரிக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. பியானோ கலைஞர் எரால் கார்னருக்கும் தெரியாது. உண்மை. ஆனால் இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தாளைப் பார்த்து வாசிப்பது ஒரு திறமை. எந்தச் சுரத்துக்கும் கார்டுக்கும் என்ன உறவு என்று அறிவது இன்னொன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இலக்கணச் சுத்தமாகப் பேசுவதில்லையா? தனக்கு முந்தைய கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களைப் பதிவுகளிலிருந்து சுரம் சுரமாக எடுத்து வாசித்துத்தான் மாண்ட்கோமரி வளர்ந்தார். அவர் வாசித்த எந்தக் கார்டு வரிசையை எடுத்துப் பார்த்தாலும், அந்த உறவுகள் அவர் விரலுக்கு அத்துப்படி என்று தெரியும். பெயர் சொல்லி விளக்காமல் இருந்திருக்கலாம்.

ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் கதை உங்களுக்கு இன்னும் பொருத்தம். பதின்ம வயதில் அவரும் ஒரு மேடையில் எல்லார் முன்னிலையிலும் தடுமாறி அவமானப்பட்டவர். 1937 கோடையில் அமெரிக்காவின் ஓசார்க் மலைப் பகுதியில் ஒரு குழுவோடு வாசிக்கப் போனபோது, சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் பதிவுகளை எடுத்துக்கொண்டு போய் சோலோக்களை மனப்பாடம் செய்தார். கூட இருந்தவர்களிடம் ஹார்மனியும் (கார்டுகளின் உறவுமுறை) கற்றார். திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். அந்தக் கோடையில் காதும் தியரியும் ஒன்றாகவே நடந்தன.

உங்கள் கிரேடு நண்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருக்குத் தியரி கூடிப்போனதால் இப்படி ஆனது என்று நினைக்கிறீர்கள். அவருக்குப் பழக்கியது எழுதியதைச் சுத்தமாக வாசிப்பது. இல்லாததை உண்டாக்கி வாசிக்க அவரை யாரும் கேட்டதே இல்லை. தாளை எடுத்துவிட்டால் அவர் திகைப்பதும், சுருதியை மாற்றினால் நீங்கள் திகைப்பதும் ஒரே மாதிரிக் குறைதான், திசை மட்டும் வேறு. வாரம் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்களேன். அவர் உங்களுக்குப் பெயர் சொல்லித் தரட்டும், நீங்கள் அவருக்குக் காதைத் திறந்து விடுங்கள்.

உணர்வு போய்விடுமா?

போகாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் அது நேர்மையாக இருக்காது. சில மாதம் மங்கும். நான் 24 வயதில் மோடுகள் (ஒரே ஸ்கேலை வெவ்வேறு சுரத்திலிருந்து தொடங்கும் வரிசைகள்) ஏழையும் ஒரே மூச்சில் படித்தேன். அடுத்த அரை வருடம் என் சோலோக்கள் ஸ்கேல் பயிற்சி மாதிரி இருந்தன, மூச்சு விட ஓர் இடம் கிடையாது. என்னைவிட மூத்த சாக்ஸபோன் கலைஞர் ஒருவர், "வாசிக்கப்போறதை முதல்ல பாடு. பாட வரலேன்னா வாசிக்காதே" என்றார். பாட ஆரம்பித்ததும் வேகம் பாதியானது, வாக்கியம் திரும்பி வந்தது.

மோடுகளை நம் காதுக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். சங்கராபரணத்தின் சுரங்களையே ரிஷபத்திலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா, மத்யமத்திலிருந்து தொடங்கினால் கல்யாணி. கணக்கு சரிதான். ஆனால் அந்த ஏழு சுரங்களை வரிசையாக ஏறி இறங்கினால் கல்யாணி வந்துவிடுமா? பிடிகளும் கமகமும் வேண்டாமா? மோடும் அப்படித்தான். சுரப் பட்டியல் ஒரு தகவல். அதை வைத்து என்ன சொல்லப் போகிறோம் என்பது கேட்டுக் கேட்டு வருவது.

இன்னொரு பயம், மேடையில் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டுமோ என்பது. யோசிக்க நேரமே கிடையாது. நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில், இரண்டு துடிப்புக்கு ஒரு கார்டு மாறினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.6 விநாடி. மிருதங்கக் கலைஞர் ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்குள் (தாளச் சுற்றுக்குள்) மோரா, அதாவது மூன்று முறை வரும் முடிவுச் சொல், வைக்கிறார் என்று வையுங்கள். அடிக்கு நான்கு மாத்திரையாக எட்டு அடிக்கு 32. பத்து மாத்திரைச் சொல்லை மூன்று முறை, நடுவில் ஒவ்வொரு மாத்திரை இடைவெளி: 10, 1, 10, 1, 10. கூட்டினால் 32, சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், வந்து விழும். எட்டாகச் சுருக்கினால் இடைவெளி நான்கு. இந்தக் கணக்கை அவர் மேடையில் போடுவதில்லை. வீட்டில் ஆயிரம் முறை போட்டுவிட்டதால் கையே போய்ச் சமத்தில் இறங்குகிறது. கணக்குத் தெரிந்ததால் அவருடைய மனோதர்மம் குறைந்தது என்று யாராவது சொல்வோமா?

18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து இசைப் பள்ளிகளில், ஆதரவற்ற சிறுவர்கள் உட்படப் பலருக்கும் தியரியைக் கைவழியாகத்தான் கொடுத்தார்கள். பார்ட்டிமென்டோ என்று பெயர். பாஸ் வரி மட்டும் எழுதியிருக்கும். அதன் மேல் வர வேண்டியதை மாணவன் கீபோர்டில் உட்கார்ந்து அந்த நொடியே உருவாக்கி வாசிக்க வேண்டும். தியரியும் மனோதர்மமும் அங்கே ஒரே பாடம். இரண்டையும் பிரித்து, ஒன்றைத் தேர்வுத் தாளிலும் மற்றதை மேடையிலும் வைத்தது பிற்காலத்துப் பழக்கம். உங்கள் பயத்துக்கு அந்தப் பிரிவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

விதிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டு குரல்கள் ஐந்தாம் சுர இடைவெளியிலேயே இணையாக நகரக் கூடாது என்று எங்கோ படித்துக் குழம்பியிருக்கிறீர்கள். பல குரல்கள் தனித்தனியாக ஒலிக்க வேண்டிய ஒரு பாணிக்கு அது பொருந்தும். ராக் கிட்டாரின் பவர் கார்டு முழுக்க அந்த இணை ஐந்துதான். எந்தப் பாணியில் எது வழக்கம் என்ற குறிப்பாக அதைப் படியுங்கள்.

படிப்பில் சேரலாமா?

வேலையை விட்டுவிட்டு இப்போதே சேர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மேடைக் குழு உங்களுக்கு வருமானம் மட்டுமா தருகிறது? கற்றதை அந்த வாரமே முயன்று பார்க்க ஓர் இடமும் தருகிறது. அதை இழந்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தால், நண்பருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம். கிரேடு தேர்வு என்றால், அதன் எழுத்துத் தேர்வுகளில் நொட்டேஷனுக்குப் பெரிய இடம் உண்டு. ஸ்டுடியோவில் தாள் பார்த்து வாசிக்கும் வேலைக்கோ, பள்ளியில் இசை ஆசிரியர் வேலைக்கோ போக ஆசை இருந்தால் அது கட்டாயம் உதவும், அப்போது தயங்காமல் சேருங்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஆசை எங்கும் தெரியவில்லை.

மேடையில் வாசிக்கிற ஓர் ஆசிரியரைத் தேடுங்கள், மாதம் இரண்டு முறை பார்த்தாலும் போதும். முதல் சந்திப்பிலேயே, "எனக்குப் பிடித்த ஒரு சோலோவைக் கொண்டுவருகிறேன், அதில் என்ன நடக்கிறது என்று சொல்லித் தருவீர்களா?" என்று கேளுங்கள். முதலில் புத்தகம் முடியட்டும் என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

வீட்டில் தினமும் அரை மணி நேரம். முதல் மாதம் சுரத்துக்குச் சுரம் உள்ள இடைவெளிகளைப் பாடுவதும், வாசிக்கிற எல்லாப் பாட்டையும் எண்ணில் எழுதுவதும் மட்டும். அடுத்து, மேலே சொன்ன அந்த இரண்டு கம்பிப் பயிற்சி, எல்லாச் சுருதிகளிலும். அதற்கிடையில் உங்கள் பழைய பதிவுகளில் நீங்களே ரசித்த நான்கு சுரங்களை எடுத்து, அந்தக் கார்டுக்கு அவை எத்தனையாவது சுரம் என்று பாருங்கள். அநேகமாக ஏதாவது ஒரு பழக்கம் வெளியே வரும், நீண்ட சுரம் எல்லாம் ஒன்பதாவதில் போய் நிற்கிறது என்கிற மாதிரி. அதைத் தெரிந்துகொண்டால் வேண்டும்போது வரவழைக்கலாம், போதும் என்று தோன்றினால் விட்டுவிடலாம். மோடுகள் ஒரு வருடம் கழித்து வரட்டும். இணையத்தில் எல்லாரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள், நீங்கள் தொடங்காதீர்கள்.

குழுத் தலைவரிடம் ஒரு விஷயம் தயங்காமல் கேட்கலாம். பாட்டுப் பட்டியலும், யார் எந்தச் சுருதியில் பாடுகிறார்கள் என்பதும் இரண்டு நாள் முன்பே கையில் வர வேண்டும். தேர்ந்த கலைஞர்களும் இதைக் கேட்கிறவர்கள்தான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

29 வயது தாமதமா என்றும் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். சின்ன வயதில் தியரி படிக்கும் பிள்ளைகளுக்குப் பெயர் முதலில் வரும், ஒலி பல வருடம் கழித்து வரும். உங்களிடம் ஒலி ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு பெயரைக் கேட்கும்போதும் "அட, இது நான் வாசிக்கிறதாச்சே" என்றுதான் உங்களுக்குத் தோன்றும்.

அந்தப் பாடகி இருக்கும் அடுத்த ஒத்திகைக்கு அதே பாட்டை 1, 6, 4, 5, 3 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். இந்த முறை அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்: "ஒரு தடவை ஏ-யில பாடிப் பார்க்கலாமா?" சீட்டில் 3 என்று எழுதிய கார்டு அப்போது சி ஷார்ப் மைனர். கை எங்கே போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.